கையெட்டாத இடத்தில் இறுகிப்போன ஆயில் பில்டர்: கழற்றும் வழி, ஆரம்பம் முதல் கடைசி வரை

காருக்கு வீட்டிலேயே ஆயில் மாற்ற நான் முதன்முதலாக இறங்கியது ஒரு ஆனி மாத ஞாயிற்றுக்கிழமை. கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாரை அடுத்த எங்கள் வீட்டு முற்றத்தில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கீழே படுத்து, ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றினேன். மூன்று லிட்டர் கறுத்த ஆயிலையும் பேசினில் வடித்து முடித்துவிட்டு, பெருமையோடு பில்டரில் கை வைத்தேன். அசையவில்லை. கை வழுக்கியது. துணியைச் சுற்றித் திருகினேன், துணிதான் திரும்பியது. சாயங்காலம் வரை மல்லுக்கட்டியதில் முழங்கைத் தோல் உரிந்தது மட்டும் மிச்சம். எஞ்சினில் ஆயில் இல்லை, பில்டர் வரவில்லை, ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போகவும் முடியாது. ஞாயிறு என்பதால் கடையும் கிடையாது.

மறுநாள் காலையில் பக்கத்துத் தெரு மாமா ஒருவர் வந்தார். முப்பது வருடமாக மெக்கானிக் வேலை பார்ப்பவர். அவர் வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பேசினில் இருந்த ஆயிலைத்தான் பார்த்தார். "பில்டர் லூசாகுமான்னு பாக்காம ஆயில எதுக்கு மக்ளே வடிச்ச?" என்றார்.

நான் இங்கே சொல்லப்போவதில் பாதி அந்தக் கேள்விதான். முதலில் பில்டர் அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் ஆயிலை வடியுங்கள். அசையாவிட்டால் வண்டி இன்னும் ஓடும் நிலையில்தான் இருக்கிறது, ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போகலாம். கியர் பாக்ஸ் ஆயில் மாற்றுகிறவர்கள், ஊற்றும் போல்ட் கழறுகிறதா என்று பார்த்த பிறகே வடிக்கும் போல்ட்டைத் தொடுவார்கள். அதே கணக்குதான் இதுவும். எஞ்சின் ஓடாதபோது ஆயிலில் பெரும்பகுதி எஞ்சினின் அடியில் இருக்கும் ஆயில் சட்டியில், அதாவது சேம்பரில் கிடக்கும். பில்டரைச் சற்றே தளர்த்தினால் வழிவது, பில்டருக்குள்ளும் மேலே உள்ள வழிகளிலும் தங்கிய கொஞ்ச ஆயில் மட்டுமே.

பில்டர் ஏன் இப்படி இறுகுகிறது

நான் இங்கே பேசுவது தகர டப்பா மாதிரி இருக்கும், திருகி மாட்டும் பில்டரைப் பற்றி. அதன் வாய்ப்பக்கம் கனமான ஒரு அடித்தகடு இருக்கும். தகட்டின் நடுவில் மரை, அதைச் சுற்றி ஆயில் உள்ளே போகும் சிறு துளைகள், வெளி ஓரத்தில் ரப்பர் வளையம். எஞ்சினிலிருந்து நீண்டிருக்கும், மரை போட்ட குட்டைக் குழாயான ஸ்டட்டில் இதைத் திருகினால், வளையம் எஞ்சின் முகத்தில் போய் அழுந்தி ஆயில் கசியாமல் அடைத்துக்கொள்ளும்.

பில்டரை இறுக்கிப் பிடிப்பது பெரும்பாலும் மரை அல்ல, அந்த ரப்பர் வளையம்தான். மாட்டும்போது வளையத்தில் ஆயில் தடவாமல் விட்டால், ரப்பர் காய்ந்தபடியே இழுபட்டு எஞ்சின் முகத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சூட்டில் வெந்து கெட்டியாகிவிடும். இன்னொரு காரணம், அவசரத்தில் பில்டரைக் கையால் திருகாமல் ரெஞ்ச் போட்டு இறுக்குவது. என் வண்டியில் நடந்தது அதுதான். அதற்கு முன் சர்வீஸ் செய்த இடத்தில் யாரோ ஒரு பையன் தன் தோள் பலம் முழுவதையும் அதில் காட்டியிருந்தான். பெரும்பாலான சிறிய கார்களில் இந்தப் பில்டருக்குத் தேவையான இறுக்கம் 12 முதல் 18 நியூட்டன் மீட்டர்தான். ஒரு ஆளின் கைப்பிடிக்கு அது எட்டும் அளவு.

மூன்றாவது காரணம் நம் மாவட்டம் போன்ற கடலோரப் பகுதிகளுக்கு உரியது. குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோரத்தில் நிற்கும் வண்டிகளின் அடிப்பாகத்தில் உப்புக்காற்று பட்டுப் பட்டு, பில்டர் டப்பாவின் பெயின்ட் உரிந்து துருப் பிடித்திருக்கும். துருப்பிடித்த தகரத்தை ரெஞ்ச் கவ்வினால் அது திரும்பாது, நசுங்கும். கடலோர வண்டி என்றால் ஆரம்பத்திலேயே கொஞ்சம் பொறுமை கூடுதலாக வேண்டும்.

இங்கே ஒரு சுவாரசியம். குலசேகரம், அருமனை பக்கம் எங்கே பார்த்தாலும் ரப்பர் மரம். ஆனால் இந்த வளையத்துக்கு நம்மூர் மரத்து ரப்பர் உதவாது. இயற்கை ரப்பர் எஞ்சின் ஆயிலில் ஊறினால் உப்பிப் பெருத்து இளகிவிடும். அதனால்தான் பில்டர் வளையங்களை நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பரில் செய்கிறார்கள். வளையம் கிழிந்துவிட்டது, பழைய சைக்கிள் டியூபில் வெட்டிப் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

தொடங்கும் முன்

புது பில்டர், புது ஆயில், ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர், இந்த மூன்றும் கைக்கு வந்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். பழைய பில்டர் சிதைந்து போகும் வாய்ப்பு இந்த வேலையில் எப்போதும் உண்டு. சிதைந்த பில்டரோடு வண்டி ஒரு அடி நகராது. ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம், கடை அடைத்த பண்டிகை நாளும் வேண்டாம். அந்தப் பாடத்துக்கு நான் ஏற்கெனவே கட்டணம் கட்டிவிட்டேன்.

வண்டியைத் தூக்குவதில்தான் உயிர் இருக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. முற்றத்துச் செம்மண் வருடத்தில் பாதி நாள் ஈரமாகவே கிடக்கும், அதில் ஜாக்கியின் கால் மெல்ல மெல்லப் புதையும். மேற்குப் பக்கம் போனால் சமதளமான முற்றமே அபூர்வம். சிமென்ட் தளம் இல்லாவிட்டால், ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் ஓரடி அகலமுள்ள, கனத்த அயினிப் பலகையோ தேக்குப் பலகையோ போடுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு இரண்டு இரும்பு ஸ்டாண்ட் கட்டாயம் வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக், வெட்டுக்கல் எதையும் முட்டுக்கொடுக்காதீர்கள். அவை எச்சரிக்கை தராமல் ஒரே நொடியில் உடையும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள், கியரில் நிறுத்துங்கள். அதன் பிறகு வண்டியின் பக்கவாட்டில் கை வைத்து நன்றாக உலுக்கிப் பாருங்கள். அசையாமல் நின்றால் மட்டும் அடியில் போகலாம்.

வண்டியைத் தூக்கும் முன்பே எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு, இருபது முப்பது நிமிடம் ஆற விடுங்கள். வெதுவெதுப்பான ஆயில் இளகி ஓடும், ரப்பரும் கொஞ்சம் இளகும். ஆனால் கை எட்டாத பில்டர்கள் பலவும் சைலன்சர் குழாய்க்கு அருகில்தான் ஒளிந்திருக்கும். ஓடி வந்த கையோடு அங்கே கையை விட்டால் தோல் வெந்துவிடும். முழுக்கை சட்டையும் இறுக்கமான கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து வழி தேட வேண்டும். டார்ச் அடித்து மேலிருந்து ஒருமுறை, அடியிலிருந்து ஒருமுறை, சக்கரத்துப் பக்கமிருந்து ஒருமுறை பாருங்கள். மேலிருந்து பார்த்தால் எட்டவே எட்டாது என்று தோன்றும் பில்டர், ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடித்து, சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பை எடுத்துவிட்டால் நேராகக் கண்முன் நிற்பதுண்டு. சிலவற்றில் ஏர் பில்டர் பெட்டியைக் கழற்றினால் மேலிருந்தே கை போகும். இந்தப் பத்து நிமிட வேலைக்குச் சோம்பல்பட்டுத்தான் பலர் இரண்டு மணி நேரம் கஷ்டப்படுகிறார்கள்.

எந்தப் பக்கம் திருகுவது

இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் எட்டாத பில்டர்களில் பாதி, தவறான பக்கம் திருகியதாலேயே இன்னும் இறுகியவை என்று மாமா சொல்வார். நானும் செய்திருக்கிறேன்.

பில்டரின் மூடிய முனையை, அதாவது குமிழ்போல இருக்கும் பக்கத்தை, நேருக்கு நேர் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பார்வையில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருகினால் கழறும். அடியில் மல்லாந்து படுத்து, கீழ்நோக்கித் தொங்கும் பில்டரை அண்ணாந்து பார்த்தால் குழப்பம் இல்லை. ஆனால் அதே பில்டரை மேலிருந்து, எஞ்சின் பக்கமிருந்து கையை இறக்கித் தொட்டால் நீங்கள் பார்ப்பது அதன் முதுகை. அப்போது கடிகார முள் போகும் திசையிலேயே திருக வேண்டியிருக்கும். பில்டர் படுக்கையாக இருந்தால் குழப்பம் இரண்டு மடங்கு.

நான் செய்வது இது. புது பில்டரைக் கையில் எடுத்து, பழையது நிற்கும் அதே சாய்வில், அதே பக்கம் நோக்கிப் பிடிப்பேன். ஒரு ஊறுகாய் பாட்டில் மூடியை எஞ்சினாக நினைத்துக்கொண்டு, மூடியை அசைக்காமல் பாட்டிலைக் கழற்றுவதுபோல் காற்றில் திருகிப் பார்ப்பேன். அந்தத் திசையைப் பழைய பில்டரின் மேல் சாக்பீஸால் அம்புக்குறியாகப் போட்டுக்கொள்வேன். பார்ப்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். தெரிந்தால் தெரியட்டும்.

பிடிப்பு முதலில், பலம் அப்புறம்

பில்டர் கழறாததற்குக் காரணம் பலம் போதாமை என்றுதான் எல்லோரும் நினைப்போம். பெரும்பாலும் போதாமல் இருப்பது பிடிப்பு. டப்பாவின் மேல் இருக்கும் ஆயிலையும் புழுதியையும் பனியன் வேஸ்ட்டால் துடைத்து, சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் இன்னொரு முறை துடைத்துக் காயவிடுங்கள். சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் பெட்ரோலோ தின்னரோ வேண்டாம். டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்தால் இளகும் என்று சொல்பவர்கள் உண்டு. வெந்து ஒட்டிய ரப்பரை அது அசைக்காது, டப்பாவை வழுக்க வைப்பதுதான் அது செய்யும் வேலை. ஹீட் கன்னும் கூடாது, தீயும் கூடாது. உள்ளே இருப்பது ஆயில்.

துடைத்த பிறகு முதலில் வெறும் கையுறையோடு ஒருமுறை முயலுங்கள். வரவில்லை என்றால் உப்புத்தாள். 80 அல்லது 100 எண் உள்ள முரட்டு உப்புத்தாளை, சொரசொரப்பான பக்கம் டப்பாவில் படும்படி சுற்றி, மேலே ரப்பர் கையுறையோடு பிடித்துத் திருகுங்கள். சில ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தத் தாள் நூற்றுக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய கருவி செய்யாததைச் செய்வதை நானே பார்த்திருக்கிறேன். உள்ளங்கை முழுவதும் உள்ளே போகும் இடமாக இருந்தால் பாதி நேரம் இதிலேயே வேலை முடிந்துவிடும்.

இதற்கும் அசையாவிட்டால் கருவிக்குப் போகலாம். இடத்துக்குத் தகுந்தபடி தேர்ந்தெடுக்க வேண்டும், கிடைத்ததை எல்லாம் உள்ளே திணிக்கக் கூடாது.

எட்டாத இடத்துக்கு என் முதல் தேர்வு கப் டைப் ரெஞ்ச். கிண்ணம் போல பில்டரின் முனையில் கவிழ்ந்து, அங்கே இருக்கும் மடிப்பு முகங்களைக் கவ்விக்கொள்ளும். பின்னால் ராட்செட் எனப்படும் திருகும் கைப்பிடியை மாட்டத் துளை இருக்கும். பக்கவாட்டில் இடமே தேவையில்லை, நேராக ஒரு எக்ஸ்டென்ஷன், அதாவது நீட்டிப்புக் கம்பி போனால் போதும். சிறிய ஜப்பானிய வகைப் பில்டர்கள் பலவற்றுக்கு 65 மில்லிமீட்டர், 14 முகம் என்ற அளவு பொருந்தும். ஆனாலும் புது பில்டரைக் கடைக்குக் கொண்டு போய், அதன் மேலேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள். கோட்டாறு கடைத்தெருவிலோ மார்த்தாண்டத்திலோ டூல்ஸ் கடைக்காரர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள். லொட லொட என்று ஆடும் கப் வேண்டாம், அது முகங்களை வழித்துவிடும். சற்றே லூசாக இருந்தால் உள்ளே உப்புத்தாள் துண்டு ஒன்றை வைத்து, மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி ஏற்றுங்கள்.

நேர்வழி கிடைக்காத இடத்தில் எக்ஸ்டென்ஷனுக்கும் கப்புக்கும் நடுவில் வளைந்து திரும்பும் யுனிவர்சல் ஜாயின்ட் போடலாம். ஒன்று போதும். இரண்டு போட்டால் நீங்கள் கொடுக்கும் பலம் வளைவிலேயே கரைந்துவிடும், கப்பும் சரிந்து வழுக்கும். ஒரு கையால் கப்பைப் பில்டரோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ராட்செட்டைத் திருகுங்கள். மெல்ல இழுத்துக்கொண்டே இருப்பதைவிட, ராட்செட் பிடியின் முனையில் உள்ளங்கையால் படக் படக் என்று தட்டுவது நல்லது. ஒட்டிய ரப்பர் அதிர்ச்சிக்குத்தான் விடும்.

பக்கவாட்டில் இடம் இருந்தால், டப்பாவைப் பட்டையால் சுற்றிப் பிடிக்கும் பெல்ட் ரெஞ்ச். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. டப்பாவின் நடுவிலோ முனையிலோ பெல்ட்டைப் போட்டால் மெல்லிய தகரம் முறுக்கிக்கொள்ளும், அடித்தகடு நின்ற இடத்திலேயே நிற்கும். எஞ்சினுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில், அடித்தகடு இருக்கும் விளிம்பை ஒட்டிப் போடுங்கள். தகரம் அங்கேதான் கனமாக இருக்கும்.

கடைக்குப் போக நேரமில்லை என்றால் பழைய சீட் பெல்ட் நாடா ஒன்றரை அடி இருந்தால் போதும். இரண்டாக மடித்துப் பில்டரைச் சுற்றி, இரு முனைகளையும் சேர்த்து ஒரு கம்பியிலோ நீளமான ரிங் ஸ்பேனர் பிடியிலோ சுற்றிச் சுற்றி இறுக்குங்கள். கம்பி டப்பாவில் முட்டும் அளவுக்கு இறுகியதும், கம்பியை நெம்புகோலாக வைத்துத் திருப்புங்கள். கயிற்றைச் சுற்றி வெறுமனே இழுத்தால் நடக்காது. காரணம் எளிய கணக்கு. 65 மில்லிமீட்டர் டப்பாவில் கயிற்றுக்குக் கிடைக்கும் நெம்பு தூரம் வெறும் மூன்றேகால் சென்டிமீட்டர். 30 நியூட்டன் மீட்டர் இறுக்கத்தை அதில் தளர்த்த ஒரு ஆள் தன் முழு எடையோடு தொங்கினாலும் போதாது. அதே வேலைக்கு 20 சென்டிமீட்டர் கம்பி இருந்தால் பதினைந்து கிலோ இழுப்பு போதும். தோணியை வலித்துக் கட்டும் கடற்கரைக்காரர்கள் கயிற்றைக் கட்டையில் நாலு சுற்று சுற்றுவது பிடிப்புக்கு. நெம்புவதற்கு அவர்களும் கம்புதான் எடுப்பார்கள்.

செயின் ரெஞ்ச், மூன்று கால் ரெஞ்ச் இரண்டும் நன்றாகக் கவ்வும். ஆனால் டப்பாவைக் கடித்து நசுக்கிவிடும். கவ்வியபின் கழறாவிட்டால் கப் ரெஞ்ச் திரும்பவும் உட்காராது. அதனால் அவற்றைக் கடைசிக்கு முந்தியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வரிசைக்கு அர்த்தம் உண்டு. கை, உப்புத்தாள், கப், பெல்ட் வரைக்கும் எந்த இடத்திலும் நிறுத்தலாம். வண்டியை இறக்கி ஓட்டிக்கொண்டு போய்விடலாம். அடுத்து வருவது திரும்பி வர முடியாத பாதை.

திருப்புளி குத்தும் முறை

ஒர்க்‌ஷாப்புகளில் பலர் முதலிலேயே இதைச் செய்வார்கள். எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அவர்களுக்குப் பழக்கம் உண்டு, வண்டி ஏற்கெனவே ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது. நமக்கு இது வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

குத்திய பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்ய முடியாது என்பதால், இந்த இடத்தில் ஆயிலை முழுக்க வடித்துவிடுங்கள். பேசினைப் பில்டருக்கு நேர் கீழே நகர்த்துங்கள், ஓட்டை விழுந்ததும் கால் லிட்டர் போல வழியும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், மல்லாந்து படுத்திருப்பவருக்கு ஆயில் கண்ணில்தான் விழும்.

நீளமான, கெட்டியான திருப்புளி ஒன்றைச் சுத்தியலால் அடித்து ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் வெளியே வரச் செய்ய வேண்டும். எங்கே குத்துவது என்பதில் கவனம். எஞ்சினை ஒட்டிக் குத்தினால் நடுவில் இருக்கும் ஸ்டட்டில் பட்டு அதன் மரை கெட்டுவிடும். முனைப்பக்கம் குத்தினால் தகரம் தாளைப் போலக் கிழியும். எஞ்சின் முகத்திலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிக் குத்துங்கள். பிறகு திருப்புளியின் இரு பக்கமும் பிடித்து, இழுத்துப் பறிக்காமல், நிதானமாக அழுத்தித் திருப்புங்கள். திருப்புளி ஓட்டையை நீளமாக்கத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். விடாமல் திருகினால் டப்பா கையோடு வந்துவிடும், அடித்தகடு மட்டும் எஞ்சினில் ஒட்டி நிற்கும்.

அப்படியும் ஆனால் பதற வேண்டாம். கந்தலான டப்பாவைத் தகரம் வெட்டும் கத்திரியால் வெட்டி எடுத்துவிட்டால், துளைகளோடு அடித்தகடு தெளிவாகத் தெரியும். எதிரெதிரான இரண்டு துளைகளில் மூக்குக் குறட்டின் இரு முனைகளையும் நுழைத்து, குறட்டை ஸ்பேனரால் பிடித்துத் திருப்பலாம். இடம் இருந்தால், தகட்டின் வெளி விளிம்பில் மொட்டை உளியைச் சாய்வாக வைத்து, கழறும் திசையில் சின்னச் சின்னத் தட்டாகத் தட்டலாம். முக்கால்வாசி தகடுகள் பத்துப் பதினைந்து தட்டில் நகர்ந்துவிடும். உளி எஞ்சின் முகத்தை மட்டும் தொடக்கூடாது. அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் புது வளையம் அதில் சரியாக அடைக்காது, எவ்வளவு இறுக்கினாலும் கசியும். கை நடுங்கும் நேரம் என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு, மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்துவிடுங்கள். மாமாவை அழைத்தது எனக்கு ஒன்றும் குறைச்சலாகப் படவில்லை.

கழன்ற பிறகு பார்க்க வேண்டியவை

பில்டர் அசைந்துவிட்டது என்றால், அதை அப்படியே விட்டுவிட்டு ஆயிலை வடியுங்கள். வடிந்து முடிந்ததும் வாஷரோடு ட்ரெயின் போல்ட்டை மாட்டிவிட்டு, பில்டரை முழுதாகக் கழற்றுங்கள். எட்டாத இடம் என்றால் டப்பாவுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு திருகினால், வழியும் ஆயில் சைலன்சரில் விழாமல் கவருக்குள் போய்விடும். சைலன்சரில் விழுந்த ஆயிலைத் துடைக்காமல் விட்டால் அடுத்த பயணத்தில் புகையும் நாற்றமும் வந்து பயமுறுத்தும்.

கழன்ற பில்டரைத் திருப்பி வாயைப் பாருங்கள். ரப்பர் வளையம் அதில் இருக்கிறதா? வெந்த வளையம் சில சமயம் எஞ்சின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு தங்கிவிடும். கவனிக்காமல் அதன் மேல் புது பில்டரை மாட்டினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஆயில் அழுத்தம் ஏறியதும் அவை பிதுங்கி, மொத்த ஆயிலும் சில நிமிடங்களில் ரோட்டில் கிடக்கும். ஆகவே வளையம் எங்கே என்று கண்ணால் பார்த்த பிறகே அடுத்த வேலை. எஞ்சின் முகத்தை விரலால் தடவிப் பாருங்கள், பின்பு சுத்தமான துணியால் துடையுங்கள்.

இன்னொன்று, ஸ்டட்டும் பில்டரோடு கழன்று வந்திருக்கிறதா என்று பாருங்கள். இறுகிய பில்டர்களில் இது நடப்பதுதான். வந்திருந்தால் பழைய பில்டரிலிருந்து அதைக் கழற்றி, மரைகள் நன்றாக இருந்தால் எஞ்சினில் திரும்ப மாட்டி, வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். ஸ்டட்டை லூசாக விட்டால் அடுத்த முறையும் இதே கதைதான்.

புதியதை மாட்டுவது

இது ஐந்து நிமிட வேலை. ஆனால் அடுத்த முறை நீங்கள் படப்போகும் பாடு இந்த ஐந்து நிமிடத்தில்தான் இருக்கிறது.

புது ஆயிலில் விரலைத் தொட்டு ரப்பர் வளையம் முழுவதும் தடவுங்கள். பில்டரின் வாய் மேல்நோக்கி இருக்கும்படி மாட்டுவதாக இருந்தால் பாதி அளவு ஆயிலை உள்ளே ஊற்றலாம், படுக்கையாக மாட்டுவதற்கு வேண்டாம். கையால் திருகி ஏற்றுங்கள். முதல் இரண்டு சுற்று பட்டுப்போல ஏற வேண்டும். கடித்துக்கொண்டு ஏறினால் மரை தப்பியிருக்கிறது, கழற்றி மறுபடியும் தொடங்குங்கள். வளையம் எஞ்சின் முகத்தைத் தொட்டதும் டப்பாவில் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து முக்கால் சுற்று. பல பில்டர்களின் மேலேயே இந்த அளவு அச்சிடப்பட்டிருக்கும், அது வேறாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ரெஞ்ச் வேண்டாம். கை நுழையாத இடத்தில் கப்பைப் போட்டு, எக்ஸ்டென்ஷனை விரல்களால் மட்டும் பிடித்துத் திருகலாம், ராட்செட் பிடியைத் தொடாதீர்கள்.

டீசல் கார்கள் சிலவற்றிலும் புதிய பெட்ரோல் கார்கள் சிலவற்றிலும் தகர டப்பாவுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் மூடியும் உள்ளே காகிதப் பில்டரும் இருக்கும். அதற்கு இங்கே சொன்ன குத்தும் வேலை எதுவும் ஆகாது. மூடியின் முகத்துக்குச் சரியான சாக்கெட் மட்டும் போடுங்கள், குறடு போட்டால் வெடித்துவிடும். மாட்டும்போது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தைப் புதிதாக மாற்றி ஆயில் தடவுங்கள். இறுக்கும் அளவு மூடியிலேயே அச்சிட்டிருக்கும், பலவற்றில் 25 நியூட்டன் மீட்டர்.

ஆயிலை ஊற்றும்போது ஒரு எச்சரிக்கை, தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கத்தவர்களுக்கு. ஆடிக் காற்றில் திறந்த ஆயில் மூடி வழியே மண் உள்ளே போகும். அந்தப் பக்கம் காற்றாலைகளை அவர்கள் சும்மா நடவில்லை. புனலைச் சுற்றித் துணி வைத்து ஊற்றுங்கள், முடிந்ததும் உடனே மூடுங்கள்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் விடுங்கள். ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். அணைந்தால் இரண்டு நிமிடம் ஓடவிட்டு, டார்ச் அடித்துப் பில்டரின் விளிம்பைப் பாருங்கள். பிறகு எஞ்சினை நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து, ஆயில் அளவு பார்க்கும் குச்சியில் அளவைப் பாருங்கள். பில்டருக்குள் போன ஆயில் அளவுக்குக் கொஞ்சம் குறைந்திருக்கும், அதை ஊற்றிச் சரிசெய்யுங்கள். மறுநாள் ஒரு நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு விளிம்பை இன்னொரு முறை துணியால் தொட்டுப் பாருங்கள். டப்பாவின் மேல் மார்க்கரால் தேதியும் கிலோமீட்டரும், கூடவே கழறும் திசைக்கு ஒரு அம்பும் எழுதி வைப்பது என் வழக்கம்.

மிச்சம் இருப்பது பழைய ஆயில். வேலிக்கால் கரையானுக்குத் தடவலாம், தென்னை மூட்டில் ஊற்றலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி இந்த ஆயில் அபாயகரமான கழிவு. எங்கள் பக்கத்தில் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து குளம் குளமாக நிறைகிறது. முற்றத்தில் ஊற்றியது அடுத்த மழைக்கு எந்தக் குளத்தில் போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. பழைய ஆயில் கேனில் ஊற்றி மூடி, கந்தலான பில்டரையும் ஒரு நாள் கவிழ்த்து வைத்து வடியவிட்டு, ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். அங்கே பீப்பாயில் சேர்த்து வைத்து, வாங்க வருகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். அன்று என் மூன்று லிட்டரையும் மாமாதான் ஸ்கூட்டரில் வைத்து எடுத்துப் போனார். போகும்போது, "இனி ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு அடியில போகாத" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.